விண்ணின் அறிவிப்பாளர்கள்

காற்றைக் கண்டவர் எவருமிலர். அசையும் ஓலையைக் கண்டோம். எழும் புழுதியைக் கண்டோம். புடைக்கும் பாயைக் கண்டோம். காற்றை மட்டும் கண்டதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அந்தப் பொருளைக் குறித்து அரபு மொழியில் நுணுக்கமான வேறுபாடு ஒன்று பேணப்படுகிறது. 'ரீஹ்' என்பது ஒருமை. 'ரியாஹ்' என்பது பன்மை. திருமறையில் ஒருமைச் சொல் பெரும்பாலும் தண்டனையாக வந்த காற்றையும், பன்மைச் சொல் மழையைச் சுமந்து வரும் அருட்காற்றுகளையும் குறிப்பதாக விரிவுரையாளர்கள் எழுதுவார்கள். இதற்கு விலக்கும் உண்டு; கப்பலை இனிதே செலுத்தும் நற்காற்று யூனுஸ் அத்தியாயத்தில் ஒருமையிலேயே கூறப்படுகிறது.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஆது கூட்டத்தாரின் வரலாறும் உடன் வரும். தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி மேகம் ஒன்று வருவதை அவர்கள் கண்டார்கள். மழை வருகிறதென்று மகிழ்ந்தார்கள். வந்ததோ அழிக்கும் காற்று. மேகத்தைக் கண்டார்கள், அதனுள் இருந்த காற்றைக் காணவில்லை. மேகத்தையோ காற்றையோ கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் கவலையால் மாறும் என்று ஆயிஷா (ரலி) அன்னையார் அறிவிக்கும் செய்தியையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் வழக்கம்.

ஒரு முறை மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், மேகத்தை மேலேயிருந்து பார்த்தால் உள்ளே இருக்கும் காற்று தெரியுமா?" என்று வினவினார். இறைத் தண்டனையைப் பற்றிய ஆய்வு வேறு. காற்றைக் காண்பதைப் பற்றிய வினா வேறு. பின்னதற்கு நேர்மையாக விடை தேட வேண்டுமென்று நாம் கருதினோம். தேடப் புகுந்தபோது, ஹதீஸ் கலையின் வாசலிலேயே மீண்டும் போய் நின்றோம். அதைத்தான் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மேகங்களை மேலிருந்து நோக்கும் காலம் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. அன்று அமெரிக்கர் ஏவிய டைரோஸ்-1 என்னும் செயற்கைக் கோள் 78 நாட்களே உழைத்தது. எனினும் அது அனுப்பிய படங்கள், மேகங்கள் சிதறிக் கிடக்கும் பஞ்சுகள் அல்ல, பல நூறு மைல் நீளத்துக்கு ஒழுங்காகச் சுழன்று அமையும் அமைப்புகள் என்பதை உலகுக்குக் காட்டின. பின்னர் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தை ஓயாமல் நோக்கும் கோள்கள் வந்தன. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒரு மேகத் துண்டு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அங்கே வீசும் காற்றின் வேகத்தை உய்த்துணர்ந்தார்கள். இது மிகச் சிறந்த உத்தி. ஆயினும் ஓலை அசைவதைக் கொண்டு காற்றை அறிவது போன்றதே இதுவும். மேகம் இல்லாத வெளியில் காற்று எப்படி வீசுகிறது? அதே இடத்தில் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் எவ்வாறு மாறுகிறது? சென்னையிலும் காரைக்காலிலும் இன்றும் வானிலைத் துறையினர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளக்கிறார்கள். நிலத்தில் பலூன் விடலாம். பரந்த சமுத்திரங்களின் நடுவில் யார் விடுவது? நேற்று வரை வானிலைக் கலையின் பெருங்குறை இதுவே.

இக்குறையைத் தீர்க்க ஐரோப்பிய விண்வெளி முகமை முனைந்தது. கிரேக்கர் கதைகளில் காற்றுகளைக் காவல் காப்பவனின் பெயரால் ஏயோலஸ் என்று ஒரு கோளுக்குப் பெயரிட்டார்கள். 1999இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள்தான் விண்ணேறியது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 20 ஆண்டுகள். தாமதத்தின் காரணம் கேட்கத் தக்கது. அக்கோள் புற ஊதா லேசர் ஒளியை வினாடிக்கு 50 முறை கீழ்நோக்கிப் பாய்ச்ச வேண்டும். காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டு அவ்வொளியில் மிகச் சிறு பங்கு திரும்பி வரும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒரு சுரத்திலும், கடந்து செல்லும் ரயிலின் ஊதல் வேறு சுரத்திலும் கேட்பது போல, திரும்பி வரும் ஒளியின் அலைநீளத்தில் அணுவளவு மாற்றம் இருக்கும். அந்த மாற்றத்தை அளந்தால் காற்றின் வேகம் கிடைக்கும். ஆனால் காற்றே இல்லாத வெற்றிடத்தில் இந்த லேசரை இயக்கியபோது கண்ணாடி வில்லைகளில் கரிப்படலம் படிந்து அவை கெட்டன. பல ஆண்டு முயன்றபின் தீர்வு கிடைத்தது: வில்லைகளின் அருகே சிறிதளவு ஆக்ஸிஜன் வாயுவைக் கசிய விட்டார்கள். காற்றை அளக்கப் புறப்பட்ட கருவிக்கும் வாழ்வதற்கு ஒரு சிட்டிகைக் காற்று வேண்டியிருந்தது! இறைவனின் படைப்பில் காற்றின் தேவை எவ்வளவு என்பதற்கு இதைவிட அழகிய சான்று வேண்டியதில்லை.

320 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அக்கோள், தரையிலிருந்து 30 கிலோமீட்டர் வரை காற்றின் வேகத்தை அடுக்கடுக்காக அளந்தது. மேகமற்ற தெளிந்த வெளியில் வீசும் காற்று முதன்முறையாக விண்ணிலிருந்து நேரடியாக அறியப்பட்டது. மாணவரின் வினாவுக்கு விடை இதுதான்: மேலிருந்து பார்த்தால் மேகம் மட்டுமே தெரியும்; காற்றைக் காண அதற்கென ஒரு கண் வேண்டும்; அந்தக் கண் நம் காலத்தில் திறந்தது. ஆயினும் அதுவும் தன் பார்வைக் கோட்டில் அமைந்த ஒரு திசை வேகத்தை மட்டுமே சொல்ல வல்லது. மூன்றாண்டு உழைக்கவே வகுக்கப்பட்ட அது ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், அறிஞர்கள் வழிநடத்த, அன்டார்க்டிகாவின் மேல் வளிமண்டலத்தில் புகுந்து எரிந்தது. வாழ்நாளெல்லாம் காற்றை அளந்தது, இறுதியில் காற்றிலேயே கரைந்தது.

இதுவரை சொன்னது கண்டறிந்த கதை. கண்டறிந்ததை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் நாம் கற்ற கலை நமக்குக் கைகொடுத்தது.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று 'மத்ன்' என்னும் செய்தி. மற்றொன்று 'இஸ்னாத்' என்னும் அறிவிப்பாளர் தொடர். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற சங்கிலியில் ஒவ்வொருவரையும் நம் முன்னோர் நிறுத்து எடை போட்டார்கள். அவர் வாய்மையாளரா? நினைவாற்றல் உடையவரா? யாரிடம் எப்போது கேட்டார்? இதற்கென்றே 'ஜர்ஹ் - தஃதீல்' என்னும் தனிக் கலை வளர்ந்தது. நல்லவராக இருந்தும் முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளர்கள் உண்டு. அதா இப்னு ஸாயிப் அவர்களில் ஒருவர். அவரைப் பொய்யர் என்று எவரும் சொல்லவில்லை. அவர் செய்திகள் முற்றிலும் தள்ளப்படவுமில்லை. நினைவு குழம்புவதற்கு முன்னர் அவரிடம் கேட்ட ஸுஃப்யான் ஸவ்ரீ, ஷுஃபா போன்றோரின் அறிவிப்புகளை ஏற்றார்கள். பின்னர்க் கேட்டோரின் அறிவிப்புகளைத் தயங்கினார்கள். குறை எங்கே, எப்போது என்பதை அறிந்தால் எஞ்சியதைப் பயன்படுத்தலாம் என்பதே அந்த நெறி.

வானிலை மையங்களில் நடப்பதும் இதுவே. உலகெங்கும் இருந்து வரும் கோடிக்கணக்கான அளவீடுகளைக் கணிப்பொறி அப்படியே விழுங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு கருவியின் தரத்துக்கும் ஏற்ப அதன் சொல்லுக்கு எடை தருகிறது, முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிடுகிறது, பிறழ்வதைத் தள்ளுகிறது. ஏயோலஸின் அறிவிப்பிலும் ஒரு குறை தென்பட்டது. காற்றின் வேகத்தை அது சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் சொல்லியது. ஆராய்ந்தபோது, பூமியிலிருந்து எழும் வெப்பத்துக்கேற்ப அதன் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி நுண்ணிய அளவில் உருமாறுவதே காரணம் என்று கண்டார்கள். குறையின் இடத்தையும் நேரத்தையும் அறிந்தபின் அதைக் கழித்துவிட்டு எஞ்சியதை ஏற்றார்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல், நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் அக்கோளின் அளவீடுகளை அன்றாடக் கணிப்பில் சேர்த்தது. அவ்வாண்டு கொள்ளை நோயால் விமானங்கள் நின்றுபோய், அவை வழக்கமாக அனுப்பும் காற்றுச் செய்திகளும் குறைந்தபோது, இந்த ஒற்றை அறிவிப்பாளரின் சொல் பெரிதும் உதவியது.

இனி, 'திக்கா' என்று நம் முன்னோர் போற்றும் நம்பகமான அறிவிப்பாளரையும் காண்போம். சுப்ஹுடைய நேரத்தைக் கணிக்கும் பாடத்தில், கதிரவன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை வெளிச்சம் தோன்றுகிறது என்று பேசுவோம். 11ஆம் நூற்றாண்டில் அந்தலுஸ் நாட்டின் ஜய்யான் நகரைச் சேர்ந்த இப்னு முஆத் என்னும் அறிஞர், இந்த வைகறையைக் கொண்டே வளிமண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். இவர் காழியாகவும் விளங்கியவர். கதிரவன் 19 பாகை தாழ்ந்திருக்கையில் முதல் வெளிச்சம் தெரிகிறதென்றால், அவ்வொளியைத் திருப்பி அனுப்பும் ஆவிப் படலம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய வினா. அவர் கண்ட விடை ஏறத்தாழ 52 மைல். அவருடைய நூல் நெடுங்காலம் இப்னுல் ஹைஸமின் பெயரில் வழங்கி வந்தது. நம் காலத்து ஆய்வாளர்களே உரியவரிடம் அதைச் சேர்த்தனர். எழுந்தும் மறைந்தும் போகும் ஒளியைக் கொண்டு, ஏணியின்றி, கருவியின்றி, வானத்தின் கூரையை அளக்க முயன்ற அந்த அறிவை எண்ணுந்தோறும் உள்ளம் நிறைகிறது.

அதே நெறியின் தொலைதூரத்து உறவினர் ஒருவர் இன்று விண்ணில் இருக்கிறார். 2019ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தைவானும் அமெரிக்காவும் இணைந்து காஸ்மிக்-2 என்னும் ஆறு சிறு கோள்களை ஏவின. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கோள்கள் அடிவானத்தில் எழும்போதும் மறையும்போதும், அவற்றின் வானொலி அலைகள் வளிமண்டலத்தை ஊடுருவி வளைந்து வருகின்றன. அந்த வளைவின் அளவைக் கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாகக் கணக்கிடுகிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில், சிறப்பாக நிலநடுக்கோட்டை ஒட்டிய நம்போன்ற நாடுகளின் மேல், இது நடைபெறுகிறது. இம்முறையில் அளக்கப்படுவது காலம் ஒன்றே. அதைச் சொல்வது அணுக் கடிகாரம். ஆகவே இதன் சொல்லில் திருத்தம் வேண்டுவதில்லை. மாறாக, பிற கருவிகளின் பிழையைக் கண்டறிய இதையே உரைகல்லாகக் கொள்கிறார்கள். அறிவிப்பாளர்களில் ஒருவர் 'திக்கா'வாக அமைந்துவிட்டால் மற்றவர்களின் தரமும் அவரால் விளங்கிவிடுகிறது.

2024ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஏவிய எர்த்கேர் என்னும் கோள், மேகத்தின் குறுக்கு வெட்டைக் காட்டுவதோடு, அதனுள் துளிகள் எழும் வேகத்தையும் விழும் வேகத்தையும் அளக்கும் முதல் விண்வெளி ரேடாரைச் சுமந்துள்ளது. அதே ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த நம் நாட்டு இன்சாட்-3டிஎஸ், 19 அலைவரிசைகளில் வளிமண்டலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்க வல்லது. அது பார்ப்பதோடு நில்லாது, கேட்கவும் செய்கிறது. ஆளில்லா வானிலை நிலையங்கள் அனுப்பும் செய்திகளை வாங்கித் தருகிறது. ஆபத்தில் சிக்கிய படகின் அபயக் குறியையும் வாங்கி அனுப்புகிறது.

அறிவிப்பாளர்கள் இத்தனை பேர் உளர். அவர்களை நிறுக்கும் தராசும் உண்டு. ஆனால் தொடரின் கடைசிக் கண்ணி எது? செய்தியைக் கேட்க வேண்டியவன் யாரோ அவனே. அவன் செவியை எட்டாத அறிவிப்பு, மேலே எவ்வளவு உறுதியானதாயினும், அறுந்த தொடரே.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் கலிமாச் சொன்ன நம் சகோதரர்கள். அப்புயலை வானிலைச் செயற்கைக் கோள் முன்னரே படம் பிடித்திருந்தது. வானொலியிலும் எச்சரிக்கை சொல்லப்பட்டது. புயல் வருகிறதென்பதைப் பெரும்பாலோர் அறிந்தேயிருந்தனர் என்றும், உறுதியான கட்டடம் தேடிச் சென்றோர் மிகச் சிலரே என்றும் பின்னர் நடந்த ஆய்வு கூறியது. கடல் எவ்வளவு உயரும் என்பது அவர்களுக்கு விளங்கும்படிச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தத் தீவுகளில் ஓடி ஒதுங்க இடமுமில்லை. விண்ணில் மத்ன் சரியாக இருந்தது; மண்ணில் இஸ்னாத் அறுந்தது.

தொடர் அறாதபோது என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. ஒரிசாவில் 1999ஆம் ஆண்டு அக்டோபர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தனர். அதே கரையில் 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் மக்களையும், 2019இல் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் மக்களையும் முன்கூட்டியே பாதுகாப்பிடங்களுக்கு மாற்றினார்கள். இவ்விரண்டிலும் அம்மாநிலத்தில் மாண்டோர் தொகை நூற்றுக்குள் அடங்கியது. கோள்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியவர்களும் செய்தார்கள்.

நம் தென்கோடியிலோ, 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்களிடம் செய்தியைச் சேர்ப்பிக்க வழியின்றிப் போயிற்று. அவர்களில் பலர் திரும்பவேயில்லை. கைப்பேசியின் எல்லை கரைக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள படகுகளுக்கும் செயற்கைக் கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்னும் கருவியை 2019இல் அரசு அறிமுகப்படுத்தியது அந்தக் கண்ணீரின் பின்னரே.

கடைசிக் கண்ணி வேறொரு விதத்திலும் அறுபடக்கூடும். நம் கடற்கரையூர்களில் ஒன்றில், புயல் எச்சரிக்கையைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது நாமும் அங்கிருந்தோம். பெரியவர் ஒருவர், "மழை எப்போது பெய்யும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று குர்ஆனில் வந்திருக்கிறதே, இவர்கள் சொல்வதை மினாராவிலிருந்து சொல்வது ஈமானுக்கு ஆகுமா, ஹஸ்ரத்?" என்று கேட்டார். கேட்டவர் தொழுகையாளி, வினாவும் எள்ளலாகக் கேட்கப்பட்டதன்று. லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனத்தையே அவர் கருதினார்.

நாம் சொன்ன விடை இது: 'ஙைபு' என்னும் மறைவான ஞானம் முழுமையும் இறைவனுக்கே உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் செயற்கைக் கோள் மறைவானதைச் சொல்வதில்லை. கடலில் ஏற்கெனவே எழுந்துவிட்டதைக் காண்கிறது. கண்டதைக் கொண்டு இன்ன திசையில் செல்லக்கூடும் என்று அறிஞர்கள் உய்த்துரைக்கிறார்கள். நாடி பிடித்து நோயை உரைக்கும் ஹகீமை நாம் ஙைபு சொல்பவர் என்பதில்லை. அவர்களும் உறுதியென்று சொல்லாமல், இன்ன அளவு வாய்ப்புண்டு என்றே சொல்கிறார்கள். நம் முன்னோர் தீர்ப்பெழுதி முடித்து, 'வல்லாஹு அஃலம்' என்று கையெழுத்திட்டதும் இந்த அடக்கத்தால்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணித்த நபிமொழியை அறிந்த நாம், படகைக் கட்டுவதற்குத் தயங்கலாமா?

ஒலிபெருக்கியைப் பற்றி மற்றொன்றும் சொன்னோம். மழையும் குளிரும் மிகுந்த இரவுகளில், மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு முஅத்தின் அறிவிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொழுகைக்கு அழைக்கும் அதே குரலே, வானிலை கருதி வீட்டிலிருங்கள் என்றும் சொல்லியது. பாங்கு ஒலித்த இடத்திலிருந்தே மக்களின் உயிர்நலம் பற்றிய அறிவிப்பும் ஒலித்ததற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா? அன்று அஸருக்குப் பின் அவ்வூர் மினாராவிலிருந்து எச்சரிக்கை ஒலித்தது. வினாத் தொடுத்த பெரியவரே தம் தெருவில் உள்ள முதியோரைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார்.

அறிவு ஓர் அமானிதம். அமானிதம் உரியவரிடம் சேர்ந்தால்தான் நிறைவேறும். ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஜப்பானியரும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் விண்ணில் தம் பங்கைச் செய்து வருகிறார்கள். தொடரின் மேற்கண்ணிகள் இன்று என்றுமில்லாத வலிமையோடு இருக்கின்றன. கீழ்க்கண்ணிகள் நம் கையில் உள்ளன. ஜமாஅத்தின் பொறுப்பிலிருப்போர் வானிலைத் துறையின் அறிவிப்பைத் திரிக்காமல், கூட்டாமல், குறைக்காமல் ஊருக்குச் சேர்க்கும் ஒருவரை நியமிக்கட்டும். கைப்பேசியில் வரும் ஊர் பேரற்ற வதந்தியைக் கேட்டால், 'யாரிடமிருந்து?' என்று நம் முஹத்திஸ்கள் கேட்ட அதே கேள்வியை மக்கள் கேட்கப் பழகட்டும். தனியே வாழும் விதவையும் காது கேளாத முதியவரும் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இளைஞர்கள் இப்போதே குறித்து வைக்கட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும். வங்கக் கடலில் காற்றும் எழும். அது ரீஹாக வருமா, ரியாஹாக வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான். வருகிறது என்னும் செய்தியைக் கடைசி வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது நம்மேல் கடமை.